தற்காலிக முகாமில் ஒரு கருங்கல்

முப்பத்தைந்து வருடமாகத் தற்காலிகமாகவே இருந்துவரும் அகதி முகாம் அது. மழைக்கு மழை வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்தை இறைத்து அலுத்துப்போன கொத்துவேலைக்காரி தவமலர், தெருவுக்கே சிமெண்டு வாய்க்கால் கட்டிவிட்டாள்.

புதுக் குழாயடியைத் திறந்துவைக்க வந்த அதிகாரி அறவாழி அதைப் பார்த்துக் கொதித்தார்.

"இது தற்காலிக முகாம்! இங்க நிரந்தரமா எதுவும் இருக்கக் கூடாது. இப்பவே இடி!"

"சரி ஐயா. எதில தொடங்க?"

"எது ரொம்ப நாள் நிக்குமோ, அதுல தொடங்கு!"

தவமலர் கடப்பாரையைத் தூக்கினாள். வாய்க்காலைத் தாண்டி நேரே குழாயடிக்குப் போனாள். அங்கே அதிகாரியின் பெயரைப் பொன்னெழுத்தில் பொறித்த கருங்கல் மாலையோடு மினுங்கியது.

"ஏய்! அது நூறு வருஷம் நிக்க வேண்டிய கல்லு!"

"அதாலதான் ஐயா, முதல்ல இதை இடிக்கிறன்."

கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. "கல்லு இருக்கட்டும்" என்று முனகினார் அதிகாரி.

"இருக்கட்டும் ஐயா. ஆனா நூறு வருஷமும் உங்கட பேரை வாசிக்க ஆக்கள் வேணுமே? நாங்களும் இருக்கிறம், வாய்க்காலும் இருக்கட்டும்."

அதிகாரி வாயைத் திறக்காமல் குழாயை மட்டும் திறந்தார். வழிந்த தண்ணீர், தவமலரின் வாய்க்காலில்தான் ஓடியது.