மலையிறங்கிய நாய்க்குட்டி

மலைமேல் இருந்த அந்தச் சின்ன மடத்துக்குத் தலைவி பர்வதம்மா. அளந்துதான் பேசுவார். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த நெல்லையப்பன் அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். ஞானம் தேடி வந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். உண்மையில் ஓடி வந்திருந்தார்.

வீட்டில் அவர் மனைவி தெய்வானை படுத்த படுக்கையாகக் கிடந்தாள். புற்றுநோய் எலும்பு வரை போயிருந்தது. நெல்லையப்பன் பார்க்காத டாக்டர் இல்லை, வாங்காத மருந்து இல்லை. எதையும் சரிசெய்துவிடலாம் என்று நம்பியே வாழ்ந்த மனுஷர். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் கையை விரித்ததும், கொழுந்தியாளைத் துணைக்கு வைத்துவிட்டு மலையேறிவிட்டார்.

வந்த அன்றே குருவிடம் கேட்டார்.

"என்ன செஞ்சும் அவ முனகல் நிக்கலைம்மா. நான் பக்கத்துல இருந்து என்ன பிரயோஜனம்?"

"சாப்பிட்டியளா?" என்று மட்டும் கேட்டார் பர்வதம்மா.

அந்த மாதத்தில் மடத்து நாயைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது. மிஞ்சியது ஒரே ஒரு குட்டி. அதுவும் அங்கே இருந்தால் பிழைக்காது என்று டவுனில் ஒரு வீட்டில் விட ஏற்பாடு செய்தார்கள். நெல்லையப்பன் தன் காரையே எடுத்தார்; பர்வதம்மாவும் கூடக் கிளம்பினார்.

குட்டியைக் காரில் எப்படிக் கூட்டிப் போவது என்று செல்போனில் தேடித் தேடிப் படித்திருந்தார். காலையில் பால் வைக்கவில்லை. வெறும் வயிறாக இருந்தால் குமட்டாதாம். தாய்நாய் படுத்திருந்த சாக்கை மடித்து அட்டைப்பெட்டிக்குள் விரித்தார். காற்று வர ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினார். மெல்லிசாக வீணை இசையும் போட்டார். கல்யாணக் காரைக்கூட யாரும் இவ்வளவு பார்த்துப் பார்த்துத் தயார் செய்ய மாட்டார்கள்.

முதல் கொண்டை ஊசி வளைவிலேயே குட்டி கத்த ஆரம்பித்தது. உள்ளங்கை அகலமில்லாத வயிற்றிலிருந்து அத்தனை பெரிய கத்தல்.

நெல்லையப்பன் ஜன்னலை ஏற்றிப் பார்த்தார். வீணையை நிறுத்திப் பார்த்தார். ஓரங்கட்டி, புல்லில் இறக்கிவிட்டு, தண்ணீர் காட்டி, மறுபடி பெட்டிக்குள் வைத்தார். மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். கத்தல் நிற்கவில்லை.

"எல்லாம் செஞ்சாச்சும்மா." நெல்லையப்பன் குருவின் பக்கம் திரும்பினார். "இதுக்கு மேல நான் என்னதான் செய்ய?"

முன்சீட்டில் இருந்த பர்வதம்மா, "வண்டிய நிறுத்துங்க" என்றார்.

இறங்கிப் பின்சீட்டுக்குப் போனார். குட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"போங்க."

கார் நகர்ந்ததும் குட்டி அவர் சேலையில் வாந்தி எடுத்தது. எடுத்துவிட்டு மறுபடி கத்தியது. நெல்லையப்பன் கண்ணாடியில் பார்த்தார். பர்வதம்மா அதைக் கொஞ்சவில்லை, தட்டிக் கொடுக்கவில்லை. ஒரு கை அதன் முதுகின்மேல் இருந்தது, அவ்வளவுதான். நெல்லையப்பனுக்கு எரிச்சலாக வந்தது. குருவாவது நிறுத்திக் காட்டுவார் என்று நம்பியிருந்தார்.

போன் அடித்தது. காரை ஓரமாக நிறுத்தி எடுத்தார். கொழுந்தியாள்.

"அத்தான், அக்கா இப்பல்லாம் உங்களைக் கேக்கதில்ல."

"தூங்குதாளோ?"

"இல்ல. முனகிக்கிட்டேதான் கெடக்கா. உங்களைக் கேக்கத மட்டும் விட்டுட்டா."

போனை வைத்தார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். இத்தனை நாளும் தெய்வானை தன்னைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள் என்பதே இப்போதுதான் அவருக்கு உறைத்தது. செத்துப் போகலாம் போல இருந்தது. இனி போனாலும் எந்த முகத்தோடு போய் நிற்பது?

பின்னால் குட்டி கத்திக்கொண்டே இருந்தது.

அவர் சட்டென்று திரும்பினார்.

"நீங்க மடியில வச்சும் அது நிக்கலையேம்மா!"

"நிக்கலை."

"நிக்காதுன்னு முன்னமே தெரியுமா?"

"தெரியும்."

"பொறவு எதுக்கு அங்கன போயி உக்காந்திருக்கிய?"

பர்வதம்மா குட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அழுதுக்கிட்டுல்லா இருக்கு."