சிறுத்தைக்குப் புள்ளி வரல

குரு, சிஷ்யன்னாலே காடு, தாடி, கமண்டலம்னு நினைச்சுக்காதீங்க. இது ஏசி போட்ட கம்ப்யூட்டர் லேப். குரு நிலோஃபர் மேடத்துக்கு இருபத்தெட்டு வயசு. சிஷ்யர் இசக்கியப்பன் சாருக்கு அம்பத்தி நாலு. காலேஜ்ல விலங்கியல் வாத்தியார். தொண்டை இருக்கே, கோயில் கொடை விழா ஸ்பீக்கர் தோத்துரும்.

சிறுத்தைத் தோல்ல புள்ளி எப்படி வருதுன்னு கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காட்டணும். அதான் சாரோட ஆராய்ச்சி. திரையில ரெண்டு ரசாயனம் பரவும். ஒண்ணு வளத்துவிடும், இன்னொண்ணு ஓடி ஓடி அமுக்கும். கணக்கு சரியா இருந்தா, ரெண்டும் மல்லுக்கட்டியே புள்ளிக்கோலம் போட்டுரும்.

சாருக்கு மட்டும் போடல. எப்ப ஓட்டுனாலும் வெறும் நீலம்.

மத்தியானம் மூணு மணிக்கு கமிட்டி. புள்ளி இல்லன்னா பிஎச்டி பதிவு ரத்து.

"மேடம்! செத்துப்போச்சு மேடம்!"

"யாரு சார்?"

"என் சிறுத்தை! சொட்டு நீலத்துல முக்குன வேட்டி மாதிரி கெடக்கு, பாருங்க. அழிச்சிட்டு முதல்லேர்ந்து ஓட்டட்டுமா?"

"இதுவரைக்கும் எத்தனை அழிச்சீங்க?"

"அதை ஏன் மேடம் கேக்குறீங்க."

குரு டீயில பிஸ்கட்டை முக்குனாங்க. "உங்க க்ளாஸ்ல கடைசி பெஞ்ச் பசங்க பேசுவாங்களா சார்?"

"என் க்ளாஸ்லயா? ஒருத்தன் வாயத் தொறப்பானா!"

"கொஞ்சம் பாடம் நடத்துங்களேன், பாப்போம்."

சார் எந்திரிச்சாரு. "க்ஹ்ஹும்! மாணவச் செல்வங்களே! தோல் என்பது யாதெனில்..."

ஜன்னல் கண்ணாடி கடகடன்னு ஆடுச்சு. சார் நடத்துறாரு, நடத்துறாரு, நடத்திட்டே இருக்காரு. நடுவுல பாத்தா குருவோட வாயும் அசையுது.

சார் நிறுத்தினாரு. "என்னமோ சொன்னீங்களா மேடம்?"

"அப்பலேர்ந்து சொல்லிட்டுதான் இருக்கேன். அந்தக் கலர் பட்டையைப் பாருங்கன்னு."

திரை ஓரத்துல ஒரு கலர் பட்டை. அடியில சைபர், அது நீலம். உச்சியில நூறு, அது செவப்பு.

"நூறுன்னு வெச்சது யாரு?"

"நான்தான். சிறுத்தைன்னா பளிச்சுன்னு வரவேணாமா?"

"அங்கங்க மௌஸை வெச்சு அளவைப் படிங்க."

சார் படிச்சாரு. குரல் எறங்கிட்டே போச்சு. "எட்டு... ஒம்போதரை... மறுபடி எட்டு... மேடம், எதுவுமே பத்தைத் தாண்டல."

"நூறு வரைக்கும் வெச்சா எட்டும் ஒம்போதும் ஒரே நீலமாத்தான் தெரியும். உங்க குரலை எறக்குன மாதிரி பட்டையையும் எறக்கி வைங்க."

அடியில எட்டு, உச்சியில பத்து. தட்டினாரு.

புள்ளி! திரை பூராப் புள்ளி! செவசெவன்னு, உருண்டை உருண்டையா!

"யாத்தாடீ!" சார் முதல்லேர்ந்து ஓட்டிப் பாத்தாரு. மங்கலா மொளைக்குது, தெரளுது, நின்ன எடத்துல கிண்ணுனு நிக்குது. அம்பத்தி நாலு வயசு ஆளு நாற்காலியைச் சுத்தி ஒரு ஆட்டம் போட்டாரு பாருங்க! குருவுக்குப் புரை ஏறி பிஸ்கட் டீக்குள்ளயே முங்கிருச்சு.

லேப்டாப்பைக் கக்கத்துல இடுக்கிட்டு ஓடுன சார், வாசல்ல டக்குனு நின்னாரு.

"மேடம், இத்தனை மாசமா ஏன் புள்ளி வரலன்னு கமிட்டி கேட்டா?"

"புள்ளி அப்பவே வந்துருச்சு, நான்தான் பாக்க வரலன்னு சொல்லுங்க சார்."