ரோஸ் மில்க் தகடுகள்

வெள்ளை ஒரு நிறமல்ல, பெரிய குடும்பம். சந்தனம், கிரீம், முட்டை ஓடு, தந்தம் என்று அதில் பங்காளிகள் ஏராளம். அருகருகே நிற்க வைத்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். தந்தத்தை நேரில் பார்த்தவர்கள் குறைவு என்பதும், அந்தப் பெயரை எல்லோரும் தாராளமாகச் சொல்கிறார்கள் என்பதும் வேறு விஷயம்.

இந்தக் குடும்பத்தில் யார் யார் என்று பார்த்ததும் சொல்லக்கூடியவர், சிங்காநல்லூரில் பட்டறை வைத்திருந்த அமலோற்பவம். பழைய கார் எதுவானாலும் சரி, அது கப்பலிலிருந்து இறங்கிய நாளில் இருந்த நிறத்தையே கலந்து கொடுத்துவிடுவார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே அழைத்தார்கள்.

அவரிடம் தொழில் கற்க வந்த திருமூர்த்தி, அவரைவிடப் பத்து வயது மூத்தவர். பொள்ளாச்சியில் பஸ்களுக்குப் பெயிண்ட் அடித்தே பாதி ஆயுளைக் கழித்தவர். பஸ்ஸுக்கு டப்பாவில் வருகிற நிறம் போதும். டப்பாவில் வராத நிறத்தைக் கலந்து பார்க்க வேண்டும் என்று தலை நரைத்த பிறகு அவருக்கு ஆசை வந்தது. வந்த ஆசையை விடுகிற ஆள் அவர் இல்லை.

தை பிறந்ததும் பட்டறைக்கு ஒரு பழைய கார் வந்தது. கை மாறிய போதெல்லாம் அதன் நிறமும் மாறியிருந்தது. டேஷ்போர்டில் சாமான் வைக்கும் அறையின் மூடியைக் கழற்றினால், அதன் பின்பக்கத்தில் மட்டும் ஆதி நிறம் மிச்சமிருந்தது. தந்த நிறம். வெயில் படாததால் மாறவில்லை. வயதானதால் மினுக்கம் மட்டும் போயிருந்தது.

மாஸ்டர் அந்த மூடியைத் திருமூர்த்தியிடம் நீட்டினார்.

"தைப்பூசத்துக்குள்ள இந்த நிறத்தைக் கொண்டாந்துட்டீங்கன்னா, இந்தக் காருக்கு நீங்கதான் அடிக்கறீங்க."

"வரலீன்னா?"

"நான் அடிக்கறேன். நீங்க மறுபடி பஸ்ஸுக்கே அடிக்கலாங்ணா. அதும் நல்ல வேலைதானே."

கடைசி வாக்கியம் திருமூர்த்தியைக் குத்தியது.

அன்றே நிறம் கலந்தார். ஒரு சிறு தகட்டில் அடித்து, நன்றாகக் காயவிட்டு, மூடியின் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"கிட்ட வந்துட்டீங்ணா," என்றார் மாஸ்டர். "ஒரு சொட்டுதான் பாக்கி."

ஒரு சொட்டு பாக்கி என்று கேட்டவனுக்கு நிம்மதி ஏது? மறுநாள் காலையில் திருமூர்த்தி கோயிலுக்குப் போய் மாலை போட்டுக்கொண்டார். நிறம் சேர்ந்தால் பழனிக்கு நடந்தே வருவதாக முருகனிடம் வேண்டிக்கொண்டார். பச்சை வேட்டி, பச்சைச் சட்டை, ஒருவேளைச் சாப்பாடு. செருப்பையும் விட்டார்.

அன்று கலந்த நிறத்தைத் தகட்டில் அடித்துக் காயவிட்டு, குனிந்து மூடியோடு ஒப்பிட்டார். தகட்டில் லேசாகப் பச்சை ஓடியது. செங்காவி ஒரு சொட்டு விட்டு மறுபடி அடித்தார். பச்சை அடங்கியது. திருப்தியோடு மாஸ்டரைக் கூப்பிட்டார்.

மாஸ்டர் சுவரோரமாக வந்து நின்று பார்த்தார். பட்டறைச் சுவர் சாம்பல் நிறம். மாஸ்டரின் மேல்கோட்டும் சாம்பல் நிறம். அழுக்கு தெரியாமலிருக்க என்று திருமூர்த்தி நினைத்திருந்தார்.

"தள்ளிப் போயிருச்சுங்ணா. மறுபடியும் கலந்து பாருங்க."

திருமூர்த்தி டப்பாவைச் சந்தேகித்தார். புது டப்பா வாங்கினார். தின்னரை மாற்றினார். டியூப்லைட்டைச் சந்தேகித்து, வாசல் வெளிச்சத்துக்குப் போனார். அங்கே பச்சை இன்னும் நன்றாகத் தெரிந்தது. இன்னொரு சொட்டு செங்காவி விட்டார்.

"மறுபடியும்," என்றார் மாஸ்டர்.

காரின் சொந்தக்காரர் நாச்சிமுத்து ஒருநாள் வந்தார். காய வைத்திருந்த தகட்டைப் பார்த்தார்.

"ஏனுங்க, என்ற காரு ரோஸ் மில்க்காட்ட ஆயிருமாட்ட இருக்குதே?"

"அவருக்குக் கண் சரியில்லீங்க மாஸ்டர்," என்றார் திருமூர்த்தி, நாச்சிமுத்துவின் தலை மறைந்ததும்.

"அப்படீங்களா?" என்றார் மாஸ்டர்.

அந்த ‘அப்படீங்களா’தான் உறுத்தியது. அடுத்த நாள் திருமூர்த்தி கண் டாக்டரிடம் போனார். நிறப் புள்ளிகளுக்குள் எண்களை ஒளித்து வைத்த படங்களை டாக்டர் காட்டினார். ஒன்று விடாமல் எல்லா எண்களையும் படித்துவிட்டார். பரீட்சையில் தேறியதற்காக இவ்வளவு வருத்தப்பட்ட மனிதரை அந்த டாக்டர் பார்த்திருக்க மாட்டார்.

டப்பாவில் குறையில்லை, வெளிச்சத்தில் குறையில்லை, கண்ணிலும் குறையில்லை. அப்படியானால் விரதத்தில்தான் குறை. அதை இறுக்கினார். பேச்சைக் குறைத்தார். ஒரு பெரிய பச்சைத் துண்டை வாங்கித் தோளில் போர்த்திக்கொண்டார். அன்று தகட்டில் ஓடிய பச்சைக்கு இரண்டு சொட்டு செங்காவி தேவைப்பட்டது.

தைப்பூசத்துக்கு நடக்கிறவர்கள் கிளம்ப வேண்டிய நாள் நெருங்கியது. அதுவரை அடித்த தகடுகளைத் திருமூர்த்தி வரிசையாக அடுக்கினார். வரிசை தந்தத்தில் தொடங்கி எதில் முடிந்தது என்று நாச்சிமுத்து ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார். திருமூர்த்தி அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

"மாஸ்டர், இதுல பச்சை எங்கிருந்து வருது? எவ்வளவு அடக்கினாலும் வருது. அதை மட்டும் சொல்லுங்க. நான் விட மாட்டேன்."

"விட மாட்டீங்கன்னு தெரியுமுங்ணா."

மாஸ்டர் உள்ளே போய் ஒரு சாம்பல் நிறப் போர்வையை எடுத்து வந்தார். கார்மேல் தூசி விழாமல் மூடுகிற பழைய போர்வை. அதைத் திருமூர்த்தியின் கழுத்தைச் சுற்றி, முடி வெட்டுகிறவர் கட்டுவதுபோல் கட்டி, கால்வரை இழுத்து விட்டார்.

"மாலை போட்டிருக்கேனுங்க. முருகனை மூடலாமுங்களா?"

"அவரை எங்கீங்ணா மூடுனேன்? உங்களைத்தான் மூடுனேன். இப்பக் குனிஞ்சு பாருங்க."

திருமூர்த்தி குனிந்தார். கடைசித் தகடு ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தது.

போர்வையைக் கொஞ்சம் விலக்கினார். தகட்டின் ஓரத்தில் பாசிபோலப் பச்சை ஏறியது. மூடினார், இறங்கியது. பழைய மூடி மட்டும் இரண்டு முறையும் அப்படியே கிடந்தது. அதில் மினுக்கம் இல்லை. யார் குனிந்தாலும் அது கண்டுகொள்வதில்லை. மினுமினுத்த புதுத் தகடுதான் குனிந்தவரையெல்லாம் தன்னில் வாங்கிக்கொண்டது.

திருமூர்த்தி போர்வையோடே எழுந்து, முதல் நாள் கலவையை முதலிலிருந்து கலந்தார். செங்காவிப் பக்கம் போகவில்லை. பாக்கியிருந்த அந்த ஒரு சொட்டு, மஞ்சள். தகடு காய்ந்ததும் அதை மூடியின்மேல் வைத்துக் குனிந்தார். இரண்டுக்கும் நடுவே இருந்த கோட்டைத் தேட வேண்டியிருந்தது.

மாஸ்டர் வந்து சுவரோரமாக நின்று பார்த்தார். ஸ்ப்ரே கன்னை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

திருமூர்த்தி வாங்கிக்கொண்டார். ஆனால் நகரவில்லை.

"மாஸ்டர், இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க மாலை போட்டு வந்த அன்னைக்கே."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க? இத்தனை தகடு, இத்தனை பெயிண்ட், கண் டாக்டரு வேற!"

"சொல்லியிருக்கலாம்," என்றார் மாஸ்டர். "வேட்டியை மட்டுந்தான் மாத்தியிருப்பீங்க."