கோழி மாற்றிய மத்தியானம்

மோட்டார் ரூம் சாமியைப் பார்க்க வருகிறவர்கள் வாய்க்கால் கரையிலேயே வண்டியை நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் வரப்புதான். சுழல் விளக்கு வைத்த வண்டியாக இருந்தாலும் வரப்பில் ஏறாது.

அன்றைக்கு மூன்று வண்டிகள் வந்து நின்றன. முதல் வண்டியிலிருந்து அமைச்சர் பூவராகன் மட்டும் இறங்கினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தார். பதினோரு வருஷமாக அப்படித்தான் வருகிறார். அவருக்கு அறுபத்து மூன்று வயது. சாமிக்கு ஐம்பதுகூட இருக்காது. ஆனாலும் சாமி அவரை வா, போ என்றுதான் பேசுவார். சீடராக வந்த பிறகு வயதுக்கு என்ன வேலை?

சாமி பழைய மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வா பூவராகா. முதல்வரை இறக்கிட்டாங்களாமே? ரேடியோவுல சொன்னான்."

"காலையில ராஜினாமா வாங்கிட்டாங்க சாமி."

"தேர்தலுக்கு எத்தனை நாள் இருக்கு?"

"நாற்பது நாள்."

"அடுத்து யாரு?"

பூவராகன் கீரைக் கட்டில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஆயத் தொடங்கினார்.

"என்னைக் கேக்கறாங்க."

சாமி ஒரு பூச்சி அரித்த இலையைக் கிள்ளி எறிந்தார்.

"கட்சி ஆபீசுல எல்லாரும் உக்காந்திருக்காங்க. அஞ்சு மணிக்குள்ள சொல்றேன்னு கிளம்பி வந்துட்டேன். ஏத்துக்கலாமா வேணாமா, நீங்கதான் சொல்லணும்."

"இத்தனை பேர் இருக்க, எதுக்கு உன்னைப் பிடிச்சாங்க?"

"என்மேல கறை இல்லையாம்."

"இல்லையா?"

பூவராகன் நிமிர்ந்து எதிர்க்கரையைப் பார்த்தார்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டகைகள் வரிசையாக நின்றன. மொத்தம் நாற்பத்தெட்டு. நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பெரிய ஏரியைத் திறந்துவிட்டதில் ஊரே போனது. மிஞ்சினவர்களைக் கொண்டுவந்து அங்கே வைத்தார்கள். ஆறு மாசத்துக்கு என்று சொல்லித்தான் வைத்தார்கள்.

"இருக்கு சாமி," என்றார் பூவராகன். "எல்லாத்துக்கும் மழைதான் காரணம்னு அறிக்கை எழுதின கூட்டத்துல நானும் இருந்தேன். ஏரியைத் திறந்தது நாங்கதான்னு எனக்குத் தெரியும். வாயைத் திறக்கல."

"இப்ப திறப்பியா?"

"அதுக்காகத்தான் ஏத்துக்கலாமான்னு பாக்கறேன். இவங்களுக்கு வீடு கட்ட முதல்வரோட ஒரு கையெழுத்து போதும்."

"போட்டுடு."

"போட முடியாது சாமி. தேர்தல் தேதி அறிவிச்சாச்சு. இனிமே புது உத்தரவு எதுவும் போடக் கூடாது. ஜெயிச்சு வந்து கட்டித் தரேன்னு வாயால சொல்லலாம். அவ்வளவுதான்."

"ஜெயிப்பீங்களா?"

"மாட்டோம். ஜில்லா ஜில்லாவா ஆள் விட்டு விசாரிச்சாச்சு. எங்கேயும் தேறாது."

"தோக்கப் போற கட்சிக்கு எதுக்குப் புது ஆளு?"

"பழைய முகத்தைப் பாத்தா ஜனங்க செருப்பைக் கழட்டறாங்க. புது முகம்னா ஊருக்குள்ள நுழையவாவது விடுவாங்க. நாற்பது நாளைக்கு நம்புவாங்க. எங்க ஆளுங்களும் தெம்பா வேலை செய்வாங்க. நாற்பத்தோராவது நாள்..."

பூவராகன் மறுபடி கீரையை ஆய்ந்தார். காம்பும் இலையும் ஒன்றாகப் போட்டார். சாமி அதைப் பிரித்துப் பிரித்து வைத்தார்.

"யாரு, மந்திரி ஐயாவா?"

வாய்க்கால் பலகையின் மேல் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். கக்கத்தில் ஒரு சிவப்புக் கோழி. காசாம்பு. பதினேழாம் நம்பர் கொட்டகை. வெள்ளத்தில் புருஷனையும் இருபது கோழியையும் விட்டவள். புருஷனைப் பற்றிப் பேச மாட்டாள். கோழிகளைப் பற்றி ஒவ்வொன்றாக, நிறம் சொல்லிப் பேசுவாள்.

"நாலு வருஷமா நானும் பாக்கறேன், சாமியப் பாக்க வரீங்க. வாய்க்காலத் தாண்டினா கால்ல முள்ளு குத்திடுமா ஐயா?"

"வரணும்மா. ஒரு நாள் வரணும்."

"வரும்போது கரண்டையும் கையோட கொண்டாங்க. காலையில போனது, இன்னும் ஊடு திரும்பல."

சாமி சிரித்துவிட்டார். "அது யாரு கோழி, காசாம்பு?"

"வளர்மதி ஊட்டுது சாமி. இரவல் வாங்கியாந்தேன். அடைக்கு ஏங்கிக்கினு கிடக்கு. எங்க கருப்பி சரிப்படல. பதினெட்டு நாளா உக்காருது, எந்திரிக்குது, உக்காருது, எந்திரிக்குது. அதைத் தூக்கிட்டு இவளை வெச்சுடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்ன முட்டையைத் தண்ணியில விட்டுப் பாத்துக் குடுங்க சாமி. என் கை நடுங்கும். நடுங்கற கையில பாத்தா கூமுட்டையும் ஆடும்."

கோழி இருபத்தொரு நாள் அடை உட்காரும். பதினெட்டாம் நாள் வாக்கில் வெதுவெதுப்பான தண்ணீரில் முட்டையை மிதக்க விடுவார்கள். உள்ளே குஞ்சு உயிரோடு இருந்தால் முட்டை தானாக ஆடும். செத்துப் போயிருந்தால் சும்மா மிதக்கும். கோழி வளர்க்கிற வீட்டில் இது எல்லோருக்கும் தெரியும்.

சாமி கீரையை மூடி வைத்துவிட்டு எழுந்தார்.

"இன்னைக்கு இவரு பாப்பாரு. நடுங்காத கை."

"மந்திரி கையா? அப்போ ராசிதான், ஒன்பதும் முட்டை போடற பொட்டக் குஞ்சா வரும்," என்றாள் காசாம்பு.

மூன்று பேரும் பலகையைத் தாண்டினார்கள். கரையில் நின்ற உதவியாளர் பதறி இரண்டடி ஓடி வந்தார். பூவராகன் கையைக் காட்டி நிறுத்தினார்.

கொட்டகை வாசலில் குனிந்து நுழைந்தபோது பூவராகனின் உச்சந்தலை தகரத்தில் பட்டது. 'ஸ்' என்று தலையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்துங்க ஐயா. அதுல மாவை ஊத்தினா தோசையே வெந்துரும்."

உள்ளே மூச்சு விட முடியவில்லை. மூலையில் ஒரு கூடை. கூடையில் வைக்கோல். இடி விழுந்தால் முட்டை கெட்டுவிடும் என்று ஓரமாக ஒரு கரித்துண்டும் ஒரு ஆணியும் வைத்திருந்தாள். கருப்புக் கோழி உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. இறக்கையை விரித்து, அலகைப் பிளந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"பாருங்க, சோம்பேறி. மூணு நாள்தான் பாக்கி. அதுக்குள்ள என்ன கொள்ளை போகுது உனக்கு?" காசாம்பு அதை விரலால் ஒரு தட்டு தட்டினாள்.

பூவராகன் கூடைக்குள் கையை விட்டார். வைக்கோல் சுட்டது. ஒரு முட்டையை எடுத்தார். முட்டையும் சுட்டது. அண்ணாந்து தகரத்தைப் பார்த்தார். பிறகு சாமியைப் பார்த்தார்.

"சாமி, இது கோழியால..."

"தண்ணி ஆச்சா காசாம்பு?" என்று கேட்டார் சாமி.

"ஆச்சு. குழந்தைக்கு ஊத்தற சூடுதான். முழங்கையை விட்டுப் பாத்துட்டேன்."

அலுமினியச் சட்டியை அவர் முன்னால் வைத்தாள். பூவராகன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி மண்ணில் புரண்டது. சட்டியை இடது கையால் பிடித்துக்கொண்டு முதல் முட்டையை விட்டார்.

முட்டை ஒரு தரம் முங்கி எழுந்தது. நின்றது.

"ஆடுதா?"

"இரும்மா."

ஆடவில்லை. எடுத்துத் துணியில் வைத்தார். இரண்டாவதும் ஆடவில்லை. மூன்றாவதும் அப்படியே.

"எம் பொண்ணு குடுத்தனுப்பின முட்டை ஐயா. பஸ்ஸுல நாலு மணி நேரம், மடியை உட்டு இறக்கல. சீட்டு குடுக்கிறேன்னாங்க, உக்காந்தா நசுங்கிடும்னு நின்னுக்கினே வந்தேன். இங்க வந்து இதுதான் முத அடை."

நாலாவது, ஐந்தாவது, ஆறாவது. காசாம்பு பேச்சை நிறுத்திவிட்டாள். ஏழு. எட்டு. சட்டித் தண்ணீரில் கொட்டகை ஓட்டை வழியாக விழுந்த வெயில் ஒரு பொட்டு மாதிரி அசையாமல் கிடந்தது.

ஒன்பதாவது முட்டையை விட்டார். அது முங்கி எழுந்து நின்றது.

பூவராகன் தலை நிமிர்ந்தபோது காசாம்பு முட்டையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்திருந்தாள்.

அவருடைய இடது கட்டைவிரல் சட்டியின் விளிம்பை லேசாக அழுத்தியது.

முட்டை ஆடியது.

"ஆடுது!" என்று கத்தினாள் காசாம்பு. "ஆடுது சாமி! பாத்தீங்களா?"

"பாத்தேன்," என்றார் சாமி.

"அந்த எட்டையும் இன்னொரு தடவை உடுங்க ஐயா. தூங்கியிருக்கும். எனக்குத் தெரியும், இதுங்க தூங்குமூஞ்சிங்க!"

பூவராகன் சாமியைப் பார்த்தார். சாமி வாசல் பக்கம் பார்த்தபடி இருந்தார்.

முதல் முட்டையைத் திரும்ப விட்டார். விரல் அழுத்தியது. ஆடியது. அடுத்ததை விட்டார். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு ஆடும் என்று மூன்றாவது முட்டையிலேயே விரலுக்குப் பிடிபட்டுவிட்டது. அதன் பிறகு அவர் சட்டியைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொன்று ஆடும்போதும் காசாம்பு சிரித்தாள். கடைசி இரண்டுக்குக் கையைத் தட்டினாள்.

"அப்போ முட்டை மேல குத்தம் இல்ல. எல்லாம் இந்தக் கருப்பி பண்ணின வேலை. போடி வெளியே."

கருப்பியைத் தூக்கி வாசலுக்கு வெளியே விட்டாள். முட்டைகளைத் துடைத்துக் கூடையில் அடுக்கினாள். சிவப்புக் கோழியை மெதுவாக மேலே வைத்து அதன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"நீயாவது ஒழுங்கா உக்காரும்மா."

சிவப்பி முட்டைகளை அலகால் தள்ளித் தள்ளி வயிற்றுக்கு அடியில் சேர்த்துக்கொண்டது. நன்றாகப் படிந்து உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் அலகைப் பிளந்தது. காசாம்பு அதற்குள் பக்கத்துக் கொட்டகைக்குச் சொல்ல ஓடிவிட்டாள்.

பூவராகனும் சாமியும் வெளியே வந்தார்கள். வாய்க்கால் ஓரம் ஈர மண்ணைப் பறித்து அதில் கருப்பி உட்கார்ந்திருந்தது. அலகு மூடியிருந்தது.

பாதிப் பலகையில் பூவராகன் நின்றார்.

"ஒன்பதும் வெந்துபோச்சு சாமி. அந்தத் தகரத்துக்குக் கீழ எந்தக் கோழி உக்காந்தாலும் பொரிக்காது."

"ஆமா."

"நீங்களாவது அவகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சட்டி உன் கையில இருந்துச்சு."

பூவராகன் வாய்க்காலைப் பார்த்தார். தண்ணீர் இல்லை. நடுவில் ஒரு சாக்கடை மட்டும் போனது.

"இப்பப் போய்ச் சொல்லிடறேன்."

"போ. பதினேழாம் நம்பர்."

திரும்பினார். கொட்டகை வரிசைக்குள்ளிருந்து காசாம்புவின் குரல் இங்கே வரைக்கும் கேட்டது. "ஒன்பதும் உசுருடி வளர்மதி! மந்திரி ஐயாவே கையால உட்டுப் பாத்தாரு! மண்ணுல உக்காந்து பாத்தாருடி!" யாரோ சிரித்தார்கள். ஒரு குழந்தை எனக்கு ஒரு குஞ்சு வேணும் என்று கேட்டது. தரேன் தரேன் என்றாள் காசாம்பு.

பூவராகன் மறுபடி சாமி பக்கமே திரும்பினார்.

"மூணு நாள் கழிச்சு என்ன ஆகும் சாமி?"

"நாத்தம் வரும்."

"அப்புறம்?"

"சிவப்பி சரியில்லன்னு பேசிப்பாங்க."

அந்தக் கரையில் உதவியாளர் போனை உயர்த்திக் காட்டினார். விரலால் கைக்கடிகாரத்தைத் தட்டினார். பின்னால் மூன்று வண்டிகளும் இன்ஜினை ஓடவிட்டு நின்றன. யாரோ அதற்குள் ஒரு மாலை வாங்கி வந்து முதல் வண்டியின் மேல் வைத்திருந்தார்கள்.

பூவராகன் பலகை முனையில் விட்டுப்போன செருப்புக்குப் பக்கத்தில் வந்து, அதைப் போட்டுக்கொள்ளாமல் நின்றார்.

"நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல சாமி. ஏத்துக்கட்டுமா, வேணாமா?"

சாமி அவரைத் தாண்டி, கீரை இருந்த இடத்துக்கு நடந்தார்.

"ஒன்பதாவது முட்டையிலேயே ஏத்துக்கிட்டியே பூவராகா."