கடைசிச் சொட்டு

“அம்மா, நான் தியானம் கத்துக்க வந்தவன். பால்புட்டி கழுவ வரலை.”

தாண்டவராயனுக்கு அறுபத்திரண்டு வயது. நில அளவைத் துறையில் முப்பது வருடம் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்று, ஆற்றங்கரை மடத்துக்கு வந்து சேர்ந்தவர். மடத்தை நடத்திய மங்களாம்பிகைக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் அவர்தான் குரு.

அம்மா புட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

“இந்த மடத்துல உங்க அளவுக்குச் சுத்தம் பாக்குறவங்க வேற யாரு ஐயா இருக்கா?”

அதற்கு மேல் அவரால் மறுக்க முடியவில்லை. உண்மையும் அதுதான். அவர் சொம்பை வேறு யாரும் தொடக் கூடாது. தண்ணீரை அண்ணாந்துதான் குடிப்பார். பந்தியில் பக்கத்து இலைக்காரர் கையை உதறினால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். எச்சில் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குக் குளிக்கத் தோன்றும்.

புட்டி, மடத்தில் சமைக்கும் அஞ்சுகத்தின் பிள்ளைக்கு. பிறந்து இரண்டு மாதம். தாய் வயிற்றில் ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதனால் பாப்பாவை மடத்துக்குக் கொண்டுவந்து பவுடர் பால் கொடுத்தார்கள். வந்த வாரமே வயிற்றுப்போக்கு.

“புட்டி சரியாக் கழுவலை. இன்னொரு தடவை வந்தா இந்த உடம்பு தாங்குறது கஷ்டம்” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தாண்டவராயன் நர்ஸிடம் போய் எல்லாவற்றையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். ரப்பரைத் தனியே கழற்றினார். பிரஷ் விட்டுப் பால் பிசுக்குப் போகத் தேய்த்தார். பெரிய பாத்திரத்தில் எல்லாம் முழுகத் தண்ணீர் விட்டு, புட்டிக்குள் காற்று தங்காமல் சாய்த்து அமுக்கினார். கொதி வந்த பிறகு கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். நிலம் அளந்தவர் அல்லவா, பத்து என்றால் பத்துதான்.

ஐந்தாம் நாள் பாப்பாவுக்கு மறுபடி போக்கு.

சலைன் ஏற்றினார்கள். இரண்டு நாள் தாண்டவராயன் ஆஸ்பத்திரி வராந்தாவை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் காலையில் பாப்பா கண்ணைத் திறந்து, பாலுக்கு வீறிட்டு அழுதது. அவரும் கூடச் சேர்ந்து அழுதார். ஓய்வுபெற்ற மனிதர், பத்துப் பேர் பார்க்க அழுதார்.

மடத்துக்குத் திரும்பியதும் நேரே அம்மாவிடம் போனார்.

“நான் எதையும் விடலை அம்மா. நோட்டுல இருக்கறது அத்தனையும் செஞ்சேன்.”

“செஞ்சு காட்டுங்க.”

செய்தார். அம்மா அடுப்படியில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

பத்து நிமிடம் ஆனது. சூடு தணிந்ததும் இடுக்கியால் புட்டியை எடுத்துக் கவிழ்த்தார். தண்ணீர் வடிந்தது. அடியில் ஒரு சொட்டு மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது.

தாண்டவராயன் புட்டியை வாயருகே கொண்டுபோனார். கண்ணை மூடி ஐந்தெழுத்தைச் சொன்னார். உள்ளே ஓங்கி ஊதினார். சொட்டு தெறித்து வெளியே விழுந்தது.

“இது நோட்டுல இருக்கா ஐயா?”

“இல்லம்மா. இது நானாச் செய்யறது. ஒரு சொட்டு நிக்குதில்ல, அதையும் எடுத்த மாதிரி இருக்கும். பிள்ளைக்குச் சாமி பேர் காப்பாவும் இருக்கும்.”

அம்மா எழுந்துபோய்த் தாண்டவராயனின் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்தார். யாரும் தொடக் கூடாத சொம்பு. கண்ணை மூடி அதே ஐந்தெழுத்தைச் சொன்னார். உள்ளே ஓங்கி ஊதினார்.

“குடிங்க ஐயா.”

தாண்டவராயனின் கை பாதியில் நின்றது. குரு கொடுப்பது, வாங்கத்தான் வேண்டும். ஆனாலும் வாங்கவில்லை.

“என்ன ஐயா?”

“எச்சி…”

அவர் பார்வை சொம்பிலிருந்து புட்டிக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

“நானா அம்மா?”

அம்மா சொம்பைக் கீழே வைத்தார்.

தாண்டவராயன் புட்டியை மறுபடி பாத்திரத்தில் போட்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

“அப்போ அந்தக் கடைசிச் சொட்டை என்ன செய்யறது?”

“அது கொதிச்ச தண்ணி. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது.”

“என்னைத் திட்டலாமே அம்மா.”

“அடுப்பைப் பாருங்க.”

பார்த்தார். அந்தப் பத்து நிமிடமும் வேறு எந்த நினைப்பும் அவருக்கு வரவில்லை. பிறகு, புட்டியோடு சேர்த்துக் கொதிக்கவைத்த தட்டில் அதைக் கவிழ்த்துவைத்தார். துடைக்கவில்லை, ஊதவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சொட்டு தானாகக் காய்ந்தது.

மூன்று வாரம் கழித்து அஞ்சுகம் வந்தாள். பாப்பாவுக்குக் கன்னம் வைத்திருந்தது. மடியை நிறைத்துக்கொண்டு கிடந்த பிள்ளையை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையெடுத்துக் கும்பிட்டாள்.

“நீங்க நல்லா இருக்கணும் ஐயா. பெத்த நான் பக்கத்துல இல்லாதப்ப நீங்க இருந்தீங்க.”

“கும்பிடாதம்மா. ரெண்டாம் தடவை பிள்ளை படுத்ததே என்னாலதான்.” புட்டி, மூச்சு, சொட்டு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

அஞ்சுகம் தலையைக் குனிந்தபடி கேட்டாள்.

“நான் இன்னும் பிள்ளையைத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு” என்றாள் பிறகு. “இப்பத்தான் பால் குடிச்சா. ஏப்பம் விடணும். கொஞ்சம் தோள்ல போட்டுக்கங்க ஐயா.”

தாண்டவராயன் குனிந்து பாப்பாவை வாங்கினார். தோளில் அன்று காலை துவைத்த துண்டு. மெல்லத் தட்டினார். பாப்பா ஏப்பம் விட்டது. கூடவே ஒரு வாய்ப் பாலையும் அவர் தோளில் கக்கியது.

அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“தோள்ல எச்சி, ஐயா.”

அவர் தட்டுவதை நிறுத்தவில்லை.

“இருக்கட்டும் அம்மா.”