மூன்று பேருக்குக் கொட்டிய உம்

"உம் கொட்டுவது எளிது மகனே, ஆனால்..."

அந்த ஆனாலுக்குப் பிறகு அப்பா என்ன சொன்னார் என்பது மன்னர் சேந்தனுக்கு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. முடிசூட்டிய அன்று, தோளில் கைவைத்து அவர் சொன்ன புத்திமதி அது. அந்த நேரம் பார்த்து எதிர் மாடத்தில், வானில் குட்டிக்கரணம் போடும் கர்ணப்புறா ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. அதனால் பாதிதான் காதில் விழுந்தது.

இது நேற்று நடந்ததா? இல்லை. முந்தாநாளா? அதுவும் இல்லை. மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலம். ஆலஞ்சுனை என்று ஒரு சின்ன நாடு. ஒரு கோட்டை, ஒரு ஏரி, ஒரு ராசா. காலைக் கஞ்சி குடித்துவிட்டுக் கிளம்பினால், நாடு முழுக்கச் சுற்றிவிட்டு மாலைக் கஞ்சிக்கு வீடு திரும்பலாம்.

கதை கேட்கிறவர்கள் நடுநடுவே உம் கொட்டுங்கள். ஆனால் பார்த்துக் கொட்டுங்கள். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

சேந்தன் நல்லவர். கோபிக்கத் தெரியாது, கொடுமை செய்யத் தெரியாது, இல்லை என்று சொல்லத் தெரியாது. யார் வந்து எதைச் சொன்னாலும் தலையை ஆட்டி ஆட்டி உம் கொட்டுவார். "நம்ம ராசா மாதிரி காது கொடுத்துக் கேட்கிறவர் உண்டா?" என்று மக்கள் பூரித்துப் போவார்கள். அவர் ஒரு உம் சொல்லிவிட்டால் அது கல்லில் வெட்டிய எழுத்து.

ஆனால் அவர் கண் எப்போதும் எதிர் மாடத்துப் புறாக்கூண்டில்தான் இருக்கும். வாய் உம் கொட்டும். மனசு புறா எண்ணும்.

ஒரு மார்கழிக் காலையில் உழவர் கருவேலன் வந்தார். "ராசாவே, கதிர் பால் பிடிக்கிற நேரம். ஏரி மதகைத் திறந்து தண்ணீர் பாய்ச்சிக்கட்டுமா?"

சாம்பல் புறா ஒன்று வானில் கர்ணம் அடித்தது. "உம்" என்றார் சேந்தன்.

அவர் போனதும் மீன் பிடிக்கும் கெண்டையன் வந்தார். "ராசாவே, ஏரியில் குஞ்சுமீன் நிறைந்து கிடக்கிறது. அது வளர வேண்டும். மதகை அடைத்துத் தண்ணீரை நிறுத்திக்கட்டுமா?"

வெள்ளைப் புறா கர்ணம் அடித்தது. "உம்" என்றார் சேந்தன்.

அவரும் போனதும் பானை வனையும் வேம்பாள் வந்தாள். "ராசாவே, சக்கரத்துக்கு மண் இல்லை. ஏரியை வற்றவிட்டு அடிமண் வெட்டிக்கட்டுமா?"

புள்ளிப் புறா அடுத்தடுத்து இரண்டு கர்ணம் அடித்தது. "உம், உம்" என்றார் சேந்தன்.

மறுநாள் காலை கருவேலன் மதகைத் திறந்தார். கெண்டையன் ஓடிவந்து அடைத்தார். மண் வெட்டும் இடத்துக்கு அடையாளம் வைக்க முளைக்குச்சியோடு வந்தாள் வேம்பாள்.

"யாரைக் கேட்டு மதகைத் தொட்டாய்?" என்றார் கருவேலன்.

"ராசாவைக் கேட்டு!"

"எனக்கல்லவா அவர் உம் சொன்னார்!"

"சும்மா இருங்கய்யா" என்றாள் வேம்பாள். "உங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு உம்தான். எனக்கு ரெண்டு உம்!"

பேச்சு முற்றியது. ஒரு பக்கம் மண்வெட்டி உயர்ந்தது, ஒரு பக்கம் துடுப்பு உயர்ந்தது, ஒரு பக்கம் முளைக்குச்சி உயர்ந்தது. நல்லவேளை, எதுவும் யார் தலையிலும் இறங்குவதற்குள் ஊரார் புகுந்து விலக்கினார்கள். அன்று ராத்திரியே மூன்று வீட்டிலும் மூட்டை கட்டினார்கள்; விடிந்ததும் ஊரார் மூன்று பேரையும் மூட்டையோடு அரண்மனைக்கு இழுத்துவந்தார்கள்.

கருவேலன்தான் முதலில் வாய் திறந்தார். "எந்த உம் மெய்யான உம் என்று சொல்லுங்கள் ராசா. பொய் உம் வாங்கினவர்கள் இன்றைக்கே உறவோடு ஊரை விட்டுப் போகிறோம். மூட்டை கட்டியாயிற்று."

சேந்தன் மனசுக்குள் கணக்குப் போட்டார். உழவர் போனால் அரிசி இல்லை. மீனவர் போனால் குழம்பு இல்லை. குயவர் போனால் இரண்டையும் ஆக்கப் பானை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, இனி அவர் சொல்லுக்கு மதிப்பு இல்லை.

அமைச்சர் நம்பிரான் காதோடு சொன்னார்: "அரசே, கவலை வேண்டாம். அது உம் இல்லை, தொண்டைக் கரகரப்பு என்று சொல்லிவிடுங்கள். மார்கழிப் பனி. யார் மறுக்கப் போகிறார்கள்?"

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. சேந்தன் செருமிக்கூடப் பார்த்தார். அப்போதுதான் எதிரே நின்றவர்களின் முகம் கண்ணில் பட்டது. இத்தனை நாளும் அந்த முகங்களுக்கு மேலே பார்த்தே பழகியவர் அவர். கெண்டையன் ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்பது தெரிந்தது. வேம்பாளின் கீழுதடு நடுங்குவது தெரிந்தது. எதிர் மாடத்தில் ஏதோ புறா கர்ணம் அடித்தது. எந்தப் புறா என்று அவர் பார்க்கவில்லை.

"நான் கேட்கவே இல்லை" என்றார். "மூன்று பேருக்கும் உம் கொட்டினேன். ஒருவர் சொன்னதையும் கேட்கவில்லை. புறா எண்ணிக்கொண்டிருந்தேன்."



"எத்தனை புறா, ராசா?" என்றாள் வேம்பாள்.

"நாற்பத்தொன்று."

"போகட்டும், அதையாவது சரியாக எண்ணினீர்களே!"

முதலில் கெண்டையன் சிரித்தார், பிறகு கருவேலன் சிரித்தார், பிறகு சபையே சிரித்தது. நம்பிரான் மட்டும் நிஜமாகவே இருமினார்.

சேந்தன் சிம்மாசனத்தை விட்டு இறங்கி, புறாக்கூண்டுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார். "இப்போது சொல்லுங்கள். நீங்கள் சொன்னதை நான் திருப்பிச் சொல்கிறேன். சரியாக இருந்தால் நீங்கள் எனக்கு உம் கொட்டுங்கள்."

கருவேலன் சொன்னார். சேந்தன் திருப்பிச் சொல்லிவிட்டு, "எத்தனை நாளைக்குத் தண்ணீர்?" என்று கேட்டார்.

"தை பிறந்தால் அறுவடை ராசா. அதற்கு மேல் ஒரு சொட்டுகூட வேண்டாம்."

கெண்டையன் சொன்னார். சேந்தன் திருப்பிச் சொல்லிவிட்டு, "எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார்.

"இடுப்பளவு நின்றால் போதும். பங்குனியில் பிடித்துவிடுவேன்."

"இடுப்பளவுதானா?" என்று கருவேலன் துள்ளினார். "அதை முன்பே சொல்வதற்கென்ன?"

"நீ எங்கே கேட்டாய்? மண்வெட்டியை அல்லவா தூக்கினாய்!"

வேம்பாள் சொன்னாள். சேந்தன் திருப்பிச் சொல்லிவிட்டு, "எப்போது வெட்டுவாய் அம்மா?" என்று கேட்டார்.

"சித்திரை வெயிலில்தான். மார்கழியில் மண் வெட்டி எந்தக் காலத்தில் காயவைக்க?"

கெண்டையன் தலையில் கைவைத்துக்கொண்டார். "அட! நீ வெட்ட வெட்ட ஏரி ஆழமாகுமே! எனக்கு மீன் கூடும், கருவேலனுக்குத் தண்ணீர் கூடும்!"

"இடுப்பளவு தண்ணீரை விட்டுவைத்து, தை வரைக்கும் வயலுக்கு. பங்குனி வரைக்கும் மீனுக்கு. சித்திரையில் பானைக்கு. அதே ஏரிதான்" என்று சேந்தன் எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னார்.

"நான் சொன்னது சரிதானே?" என்று கேட்டார்.

"உம்!" என்று மூன்று பேரும் சேர்ந்து கொட்டிய சத்தத்தில் நாற்பத்தொரு புறாவும் படபடவென்று பறந்தன. மூட்டைகளை அங்கேயே அவிழ்த்தார்கள். கருவேலனின் அரிசி, கெண்டையனின் மீன், வேம்பாளின் பானை. அன்று மதியம் அரண்மனை வாசலில் ஊருக்கே சாப்பாடு.

அப்பா சொன்னதன் மீதிப் பாதி சேந்தனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்ல முடிந்தவனுக்கே உம் கொட்டும் உரிமை உண்டு என்று அதை அவரே நிரப்பிக்கொண்டார்.

சாப்பிட்டுக் கைகழுவியதும் ஆட்களைக் கூப்பிட்டு, புறாக்கூண்டை அரண்மனையின் பின்பக்கத்துக்கு மாற்றச் சொன்னார்.