இளவரசன் சோறாக்கிய மூன்று நாள்

கேளுங்கள். ஆனால் பசியோடு கேட்காதீர்கள், இது சோற்றுக் கதை.

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னே, தேன்மலை நாட்டில் நன்மாறன் என்றொரு இளவரசன் இருந்தான். பன்னிரண்டு வருஷம் குருகுலத்தில் படித்தவன். சந்திரன் எவ்வளவு தூரம் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். அடுப்பங்கரை எந்தப் பக்கம் என்று கேட்டால் முழிப்பான்.

பக்கத்து நாட்டு இளவரசி வேண்மாள் மேல் அவனுக்கு உயிர். அவளுக்கும் அவன் மேல் கொள்ளை ஆசை. ஆனால் அவள் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை தன் கையால் சோறாக்கி, பெண் வீட்டார் முப்பது பேருக்கும் போட வேண்டும். மூன்று நாள் தவணை. அதுவரை அவர்கள் மோர் தவிர எதையும் தொடமாட்டார்கள். மூன்றாம் நாளும் கோட்டைவிட்டால் பெண் கிடையாது.

முதல் நாள், ஆளுக்கு ஒரு படி சோறு என்று கணக்குப் போட்டு, முப்பது படி அரிசியை அண்டாவில் கொட்டினான். அரிசி வெந்தால் பெருகும் என்று அவன் எந்த ஓலையிலும் படித்ததில்லை. சோறு மூடியைத் தள்ளி வழிந்து, அடுப்பை அணைத்து, வாசல்வரை போனது. அரைவேக்காட்டை யானை தின்றது. பெண் வீட்டார் மோர் குடித்தார்கள்.

இரண்டாம் நாள், ஒன்று மூன்றாகும் என்று புரிந்து பத்துப் படி போட்டான். கெட்டிக்காரன்தான். மூடிமேல் அம்மிக்கல்லையும் ஏற்றினான். ஒரு படி வேக ஒரு நாழிகை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பத்துப் படிக்குப் பத்து நாழிகை எரித்தான். கரியைப் பெயர்க்கக் கொல்லன் வந்தான். பெண் வீட்டார் மோர் குடித்தார்கள்.

மூன்றாம் நாள், பெண்ணின் மாமனுக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை. வேண்மாள் அழுதே விட்டாள். அண்டா கொதித்தது. எப்போது இறக்குவது என்று நன்மாறன் கணக்கு மேல் கணக்காகப் போட்டான், ஒன்றும் ஒத்துவரவில்லை. கடைசியில் ஓலையைக் கீழே போட்டுவிட்டு, சபை நடுவில் கேட்டான்: "சோறு வெந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?"

"மூடியைத் திறந்து பாருங்கள்" என்றாள் வேண்மாள்.

"திறக்கலாமா?"

சபையே விழுந்து விழுந்து சிரித்தது. அவனுக்குக் காது சிவந்துபோனது. ஆனாலும் திறந்தான். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினான், விரலைச் சுட்டுக்கொண்டான். சோறு வெந்திருந்தது.

மாமன் இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார். "கொஞ்சம் குழைவு. பரவாயில்லை, பெண்ணைக் கொடுக்கலாம்" என்றார்.

ஆகவே, வானத்தையே அளக்கப் படித்தவர்களானாலும் அன்றாடம் வாழத் தேவையானதைத் தெரிந்துகொள்ள வேண்டும், தெரியாவிட்டால் வெட்கப்படாமல் கேட்க வேண்டும்.